மாதத்தில் ஒரு பிற்பகல் தாருங்கள்: நெல்லைச் சீமை ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் அவர்களுக்கும், அங்கும் அதனோடு இணைந்த கல்லூரிகளிலும் பணிபுரியும் பேராசிரியப் பெருமக்களுக்கும், ஆய்வு மாணவர்களுக்கும், பாளையங்கோட்டையில் கல்லூரி நூலகராக இருக்கும் ஒருவரின் வணக்கம்.

நேரடியாகவே விஷயத்துக்கு வருகிறேன். மாதத்தில் ஒரு பிற்பகலை ஒதுக்குங்கள். ஏதாவது ஒரு துறையைச் சேர்ந்தவர், உலகின் எந்த மூலையிலாவது வெளியாகி, தான் அண்மையில் வாசித்து வியந்த ஓர் ஆய்வை, அந்தத் துறையைச் சேராதவர்கள் முன்னால் தமிழில் எடுத்துச் சொல்லட்டும். இயற்பியலார் சொல்வதை வரலாற்றுக்காரர்கள் கேட்கட்டும். வேதியியலார் சொல்வதைச் சித்த மருத்துவர்கள் கேட்கட்டும். கேள்விகள் வரட்டும். நான் கேட்பது இவ்வளவுதான். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், பெரிய நிதியும் வேண்டாம். ஏன் இதை ஒரு மடலாக எழுதிக் கேட்கும் அளவுக்கு முக்கியம் என்று நினைக்கிறேன் என்பதைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

நூலகரின் வேலையில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. எல்லாத் துறைக்காரர்களும் எங்களிடம் வந்துதான் ஆக வேண்டும். வண்டல் படிவங்களைப் பற்றித் தேடி வரும் புவியியல் மாணவரையும், பழைய துறைமுகங்களைப் பற்றித் தேடி வரும் வரலாற்று மாணவியையும் ஒரே நாளில் பார்ப்போம். இரண்டு பேரும் தேடுவது கொற்கையைத்தான். தாமிரபரணி கொண்டு வந்து கொட்டிய வண்டலால் கடல் விலகிப் போக, பாண்டியரின் துறைமுகம் இன்று கடற்கரையை விட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. ஒருவருக்கு அது மண். இன்னொருவருக்கு அது முத்து வணிகம். அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து படித்துவிட்டு, ஒரு வார்த்தைகூடப் பேசாமல் எழுந்து போவார்கள். அவர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. பேசிக்கொள்ள ஓர் இடத்தை நாம்தான் அமைத்துத் தரவில்லை.

இப்படி இரண்டு கூட்டத்தார் தனித்தனியே படித்துக்கொண்டிருந்தால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்பவர்களுக்கு டான் ஸ்வான்சனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இயற்பியல் படித்துவிட்டு நூலக அறிவியலுக்கு வந்தவர் அவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். ரேனோ நோய் என்று ஒன்று உண்டு. குளிர் பட்டால் விரல்களுக்கு ரத்தம் சரியாகப் போகாமல் அவை வெளுத்துவிடும். அந்த நோயாளிகளின் ரத்தம் சற்றுக் கெட்டியாக இருக்கிறது, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன என்று சில மருத்துவக் கட்டுரைகள் சொல்லியிருந்தன. மீன் எண்ணெய் உண்பவர்களுக்கு ரத்தத்தின் கெட்டித்தன்மை குறைகிறது, தட்டணுக்கள் ஒட்டுவதும் குறைகிறது என்று வேறு சில கட்டுரைகள் சொல்லியிருந்தன. எல்லாமே அச்சாகி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கும்படி அலமாரியில் இருந்தவை. ஆனால் முதல் கூட்டத்தார் இரண்டாம் கூட்டத்தாரை மேற்கோள் காட்டவில்லை, அவர்கள் இவர்களையும் காட்டவில்லை. ஸ்வான்சன் மருத்துவர் இல்லை, அவரிடம் ஆய்வுக்கூடமும் இல்லை. இரண்டு பக்கக் கட்டுரைகளையும் வாசித்தார், மீன் எண்ணெய் இந்த நோய்க்கு உதவக்கூடும் என்று 1986-இல் எழுதினார். அவ்வளவுதான். சில ஆண்டுகளில் நோயாளிகளிடம் நடந்த ஒரு சிறிய சோதனை அவருடைய ஊகத்துக்கு ஆதரவாக வந்தது. 1988-இல், ஒற்றைத் தலைவலிக்கும் மெக்னீசியம் குறைபாட்டுக்கும் இடையே யாரும் கவனிக்காமல் விட்ட 11 தொடர்புகளை இதே வழியில் எடுத்துக் காட்டினார்.

ஒரு கண்டுபிடிப்பின் இரண்டு பாதிகளும் அச்சில் இருந்தும், சேர்த்துப் பார்க்க ஆள் இல்லாமல் கிடந்திருக்கின்றன. சிகாகோ போன்ற ஊரிலேயே இப்படி என்றால் நம் பக்கம் எவ்வளவு கிடக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். நம்மிடம் அப்படிக் கிடப்பதாக எனக்குத் தோன்றும் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் மழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. குளங்கள் உடைந்தன, தாமிரபரணி கரை தாண்டியது, ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ரயில் நின்றது. இப்படி ஒரு மழை எத்தனை ஆண்டுக்கு ஒரு தடவை வரும் என்று கேட்டால், மழைமானி வைத்து எழுதத் தொடங்கிய காலம்வரைதான் வானிலைக் கணக்கு பதில் சொல்லும். அதற்கு முன்னால் நடந்ததை வேறு எங்கே தேடுவது?

ஆப்பிரிக்காவின் தெற்கே இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே வேலை செய்த மிஷனரிகள் தாய்நாட்டுச் சங்கங்களுக்கு எழுதிய கடிதங்களை எடுத்து, மதத்துக்காக அல்ல, மழைக்காக வாசித்தார்கள். எந்த ஆண்டு மழை பொய்த்தது, எந்த ஆண்டு ஆறு பெருகியது, எந்த மாதம் விதைத்தார்கள் என்று வரிவரியாகக் குறித்து, மழைமானி இல்லாத காலத்துக்கும் ஒரு மழை வரலாற்றை எழுதினார்கள். லெசோத்தோ, கலஹாரிப் பகுதிகளுக்கு அப்படி எழுதப்பட்டிருக்கிறது. ஐரோப்பாவில் ஆற்றங்கரை வீடுகளின் சுவரில் செதுக்கி வைத்த வெள்ளக் குறிகளை அளந்து பழைய வெள்ளங்களின் உயரத்தைக் கணக்கிடுகிறார்கள். எல்பே ஆற்றில், செக் நாட்டின் டெச்சின் நகரத்தருகே, கடும் வறட்சியில் மட்டும் தலைகாட்டும் ஒரு பாறை இருக்கிறது. அதில் 1616 என்ற ஆண்டை இன்றும் வாசிக்க முடிகிறது.

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு இதை வாசித்தால் கை பரபரக்காதா? ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் இந்த ஊருக்கு வந்தது 1820-இல். அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இங்கிருந்தும் நாசரேத், இடையன்குடி, மெஞ்ஞானபுரம் போன்ற ஊர்களிலிருந்தும் கடிதங்கள் போய்க்கொண்டே இருந்தன. சர்ச் மிஷன் சங்கத்தின் ஆவணங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பாக இருக்கின்றன. அந்தக் கடிதங்களைக் கல்வி வரலாற்றுக்காகவும் சாதி பற்றிய ஆய்வுக்காகவும் நம் வரலாற்று மாணவர்கள் வாசிக்கிறார்கள். அதே பக்கங்களை ஒரு வானிலை மாணவரும் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தால் எப்படி இருக்கும்! அவருக்குப் பழைய கையெழுத்து பிடிபடாது, இவருக்குப் பருவக்காற்றின் கணக்கு தெரியாது. சேர்ந்தால்தான் வேலை நடக்கும். அப்புறம் கோயில் கணக்குகள், ஜமீன் பதிவுகள், கல்வெட்டில் வரும் மடை உடைப்புச் செய்திகள் எல்லாம் இருக்கின்றன. குறுக்குத்துறை முருகன் கோயில் எந்த வெள்ளத்தில் எதுவரை மூழ்கியது என்று ஆற்றங்கரைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதை 1992 வெள்ளத்தோடும் 2023 வெள்ளத்தோடும் ஒப்பிட்டு, மட்டம் எடுத்து, எழுதி வைத்தால் அது உலகத்தரமான ஆய்வு. தமிழ்த்துறை, வரலாறு, பொறியியல், வானிலை என நான்கு துறைக்கு அதில் வேலை இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வெள்ளம் எதுவரை பரவியது என்பதை அறிய ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1 செயற்கைக்கோள் இருக்கிறது. அதன் ரேடார் கண்ணுக்கு மேகம் மறைப்பில்லை, இரவும் மறைப்பில்லை. அதன் படங்களை உலகில் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தாமிரபரணியின் கடைசி அணையான ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே எந்த வயல் எத்தனை நாள் தண்ணீருக்குள் இருந்தது என்று பார்க்க ஒரு கணினியும் கொஞ்சம் பயிற்சியும் போதும். நம் பக்கத்தில் புவித் தொழில்நுட்பம் படித்தவர்கள் இருக்கிறார்கள். பிசானப் பருவ நெல் நட்ட விவசாயியின் இழப்பைக் கணக்கெடுக்கும் பொருளியல் மாணவருக்கு இப்படி ஒரு படம் கிடைக்கும் என்பதை யார் சொல்வது? அந்தப் பிற்பகலில்தான் சொல்ல முடியும்.

அடுத்தது, தூத்துக்குடி மாவட்டத்தில் அகழாய்வு நடந்த சிவகளை. அங்கே முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல் உமி அமெரிக்காவிலுள்ள ஆய்வகத்துக்குப் போய், கி.மு. 1155 என்ற காலக்கணிப்போடு 2021-இல் திரும்பி வந்தது. 2025 ஜனவரியில் அரசு வெளியிட்ட அறிக்கை, சிவகளை இரும்பின் காலத்தைக் கி.மு. 3345 வரை கொண்டு போனது. ஊரெல்லாம் அதைப் பற்றிப் பேசினோம், பெருமைப்பட்டோம், சிலர் சந்தேகப்பட்டார்கள். ஆனால் அந்த எண் எப்படி வருகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் கேட்டுத் தெரிந்துகொண்டோம்?

பழைய கரியிலும் உமியிலும் மிஞ்சியிருக்கும் கதிரியக்கக் கரிமத்தை அளந்து வயது சொல்லும் கரிமக் காலக்கணிப்பு தொல்லியலார் கண்டுபிடித்தது அல்ல. வில்லார்டு லிப்பி என்ற வேதியியலார் 1940-களின் இறுதியில் கொடுத்த கருவி அது. 1960-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அளந்து வரும் எண்ணை அப்படியே ஆண்டாக எடுத்துக்கொள்ள முடியாது. மரங்களின் ஆண்டு வளையங்களையும் ஏரிப் படிவுகளையும் குகைப் படிவுகளையும் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து அளந்து உருவாக்கிய ஒரு வளைவோடு பொருத்தித்தான் ஆண்டைச் சொல்ல வேண்டும். 2020-இல் அந்த வளைவைப் புதுப்பித்தார்கள். வட அரைக்கோளத்துக்கு ஒன்று, தென் அரைக்கோளத்துக்கு ஒன்று. நம் ஊரோ, பருவத்துக்குப் பருவம் இரண்டு கோளத்துக் காற்றும் மாறி மாறி வந்து போகும் இடம். எந்த வளைவை எவ்வளவு பொருத்துவது என்பது ஒரு பருவக்காற்றுக் கேள்வி. தொல்லியலார் தனியாக உட்கார்ந்து இதற்குப் பதில் சொல்ல முடியாது.

மணலை வைத்துக் காலம் கணிக்கும் முறையும் அப்படித்தான். குவார்ட்ஸ் மணல் ஒன்று கடைசியாக எப்போது சூரிய ஒளி பார்த்தது என்பதை அதற்குள் தேங்கியிருக்கும் ஆற்றலைக் கொண்டு அளக்கிறார்கள். சிவகளை மாதிரிகளில் இந்த முறையும் கையாளப்பட்டிருக்கிறது. உலகெங்கும் மணற்குன்றுகளின் வயதைக் கண்டதும் இதே முறைதான். நம் தேரிக்காட்டுச் செம்மணல் இதற்காகவே காத்துக் கிடப்பதுபோல எனக்குத் தோன்றும். அந்தத் தேரிகளில் கிடைக்கும் சின்னஞ்சிறு கல்லாயுதங்களைப் பற்றிய முக்கியமான ஆய்வு 1956-இல் வெளியானது. எழுதியவர்கள் இரண்டு பேர். சாய்னர் மண்ணின், கடல் மட்டத்தின் காலத்தைப் படித்தவர். பிரிட்ஜெட் ஆல்சின் கல்லாயுதங்களைப் படித்தவர். பழைய கடல் மட்டம் எங்கே இருந்தது, மணல் எப்போது சிவந்தது, மனிதன் எப்போது வந்தான் என்று அவர்கள் சேர்ந்து யோசித்ததால்தான் அந்த ஆய்வு இத்தனை ஆண்டு கழித்தும் பேசப்படுகிறது. எழுபது ஆண்டுக்கு முன்னால் லண்டனிலிருந்து வந்தவர்கள் நம் சாயர்புரத்துப் பக்கத்தை அப்படிப் பார்த்திருக்கிறார்கள். இங்கேயே இருக்கும் நாம் பார்ப்பதற்கு என்ன தடை?

மூன்றாவதாக, நம்மில் பலர் அறியாத ஓர் இடம். சிற்பங்களுக்குப் பேர்போன கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்று இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு நம் தலைக்கு மிக அருகில் போகிறது. 1963-இல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கும் அதுதான் காரணம். சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில், கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் இங்கே பாய்கிறது. அதன் வலிமையை அறிய உலக ஆய்வாளர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? திருநெல்வேலியில் பதிவாகும் காந்த அளவிலிருந்து, மும்பைக்கு அருகிலுள்ள அலிபாக்கின் அளவைக் கழிக்கிறார்கள். எத்தனையோ நாட்டு ஆய்வுக் கட்டுரைகளில் நம் ஊரின் பெயர் இப்படி ஒரு கணக்கின் பகுதியாக வருகிறது. இதை முதன்முதலாகக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

அது இயற்பியலாருக்கு மட்டும் உரிய செய்தி என்று விட்டுவிட முடியாது. சூரியன் மறைந்த பிறகு இந்தப் பகுதியின் மேல்வானத்தில் அயனிக் குமிழ்கள் எழுந்து ஜி.பி.எஸ். சமிக்ஞையைக் கலைத்துவிடும். தூத்துக்குடியிலிருந்து இரவில் கடலுக்குப் போகும் மீனவர் கையில் ஜி.பி.எஸ். இருக்கிறது. மாலையில் நில அளவை எடுக்கும் மாணவர் கையிலும் இருக்கிறது. கருவி சில இரவுகளில் ஏன் தடுமாறுகிறது என்ற கேள்வி அவர்களுடையது, பதில் கிருஷ்ணாபுரத்தில் இருக்கிறது. பிரேசிலும் பெருவும் இதே காந்த நடுக்கோட்டுப் பகுதி நாடுகள்தான். அங்கே இதைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். அதை வாசித்தவர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். மீன்வளக் கல்லூரி மாணவர்கள் அவர்களை ஒரு நாள் சந்தித்தால் போதும்.

மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சீனாவின் தூ யூயூ மலேரியாவுக்கு மருந்து தேடியபோது, 4-ஆம் நூற்றாண்டு மருத்துவ நூல் ஒன்றில் அந்தச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்ததைக் கவனித்தார். காய்ச்சச் சொல்லவில்லை. வெப்பம்தான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று யோசித்து, குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு சாறு எடுத்தார். ஆர்ட்டிமிசினின் கிடைத்தது, 2015-இல் நோபல் பரிசும் கிடைத்தது. பழைய நூலை வாசிக்கத் தெரிந்த கண்ணும் வேதியியல் தெரிந்த கையும் ஒன்றாக வேலை செய்த இடம் அது. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சுற்றிலும் வேதியியல், தாவரவியல் துறைகள் இருக்கின்றன. மேற்கே பொதிகை இருக்கிறது. இன்னும் என்ன வேண்டும்?

ஒன்று வேண்டும், நியாயம். 1987-இல் அகத்தியமலையின் கேரளப் பக்கம் ஆய்வுக்குப் போனவர்கள், வழிகாட்டிய காணிப் பழங்குடியினர் ஒரு செடியின் காயைத் தின்றுகொண்டு களைப்பில்லாமல் நடப்பதைப் பார்த்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து மருந்து வந்தது. உரிமத் தொகையிலும் வருமானப் பங்கிலும் பாதி காணிகளுக்கு என்று ஏற்பாடும் ஆனது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த தொடக்க கால எடுத்துக்காட்டு என்று உலகம் முழுக்க அதை மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த ஏற்பாட்டில் என்ன நன்மை, எங்கே குறை என்று சட்டத்துறையினரும் சமூகவியலாரும் எழுதியவை நிறைய உண்டு. பாபநாசம் மலைமேல் வாழும் காணிகளிடம் தகவல் கேட்டு ஏறும் ஒவ்வொரு தாவரவியல் மாணவரும், ஏறுவதற்கு முன் அவற்றைக் கேட்டிருக்க வேண்டும். எடுத்த முடிவுகளை இறங்கிய பிறகு அவர்களிடமும் போய்ச் சொல்ல வேண்டும்.

சரி, கட்டுரைகள் கைக்குக் கிடைக்கின்றனவா? முன்பைவிட நிலைமை எவ்வளவோ மேல். பல ஆண்டுகளாக ஒரு கட்டுரைக்கு வெளிநாட்டுப் பதிப்பகம் கேட்கும் தொகையைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்த மாணவர்களை எங்கள் மேஜைக்கு எதிரில் பார்த்திருக்கிறோம். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 ஆய்விதழ்கள். மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்கள் 6,300-க்கும் மேற்பட்டவை இதில் வருகின்றன. நெல்லைப் பக்கம் பெரும்பாலான பழைய கல்லூரிகள் அரசு உதவி பெறுபவை. அந்த மாணவர்களுக்கும் இந்த வாசல் முழுதாகத் திறக்க வேண்டும் என்று பல்கலைக்கழகம் சொன்னால் அதற்கு ஒரு கனம் இருக்கும். அதுவரை, வாசல் திறந்தவர்கள் வாசித்ததை வாய்மொழியாகச் சொல்வதற்கு எந்தப் பதிப்பகமும் தடை போடவில்லை. இயற்பியல், கணிதக் கட்டுரைகளை இதழில் வரும் முன்பே இலவசமாக வாசிக்க, 1991-இல் தொடங்கிய ஆர்க்கைவ் என்ற இணையத் தளம் இருக்கிறது. மருத்துவத்துக்கும் உயிரியலுக்கும் இலவசக் களஞ்சியங்கள் இருக்கின்றன. வழி தெரியாதவர்களுக்குக் காட்ட நூலகர்கள் தயாராக இருக்கிறோம்.

கிடைத்தும் ஏன் பகிர்வதில்லை? எனக்குத் தெரிந்தவரை சோம்பல் அதற்குக் காரணம் இல்லை. மற்ற துறைக்காரர் முன்னால் பேசினால் பதவி உயர்வுக் கணக்கில் எதுவும் சேராது. வகுப்பு, விடைத்தாள், அங்கீகாரக் குழுவின் வருகைக்கான கோப்புகள் என்று ஆசிரியர்களுக்கு மூச்சு விட நேரம் இல்லை. மாணவர்களுக்கோ வேறு பயம். தன் துறை தாண்டிக் கேள்வி கேட்டால் ‘இதுகூடத் தெரியாதா’ என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற பயம். ஆங்கிலத்தில் நடக்கும் கருத்தரங்கில் அந்தப் பயம் இரட்டிப்பாகிவிடும். அதனால்தான் தமிழில் என்று வற்புறுத்துகிறேன். கலைச்சொல் தமிழில் கிடைக்காவிட்டால் அப்படியே சொல்லிவிட்டுப் போகலாம். தூய தமிழில்தான் பேச வேண்டும் என்று யாரும் தடுக்கக் கூடாது. புரிய வேண்டும், கேள்வி வர வேண்டும்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. வெளிநாட்டில் அச்சானதெல்லாம் உண்மை ஆகிவிடாது. காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் ஆய்விதழ்கள் பெருகிவிட்டன. பெரிய இதழ்களிலும் கட்டுரைகள் பின்னால் திரும்பப் பெறப்படுகின்றன. யு.ஜி.சி., தரமான ஆய்விதழ்கள் எவை என்று சொல்லும் தன் ‘கேர்’ பட்டியலை 2025-இல் கைவிட்ட பிறகு, எது நல்ல இதழ் என்று தீர்மானிக்கும் பொறுப்பு கல்வி நிறுவனங்களிடமே வந்துவிட்டது. இதனாலும் கூட்டம் தேவை என்கிறேன். ஒரு மருத்துவக் கட்டுரையின் கணக்கில் ஓட்டை இருந்தால் அது புள்ளியியல் ஆசிரியர் கண்ணுக்குச் சட்டென்று படும். ஒரு கல்வெட்டின் ஆண்டைத் தப்பாக எடுத்துக்கொண்டு போட்ட காலநிலைக் கணக்கை வரலாற்று ஆசிரியர் நிறுத்திவிடுவார்.

இந்தப் பல்கலைக்கழகம் யார் பெயரைத் தாங்கி நிற்கிறது என்பதை நான் நினைவூட்டத் தேவையில்லை. ஆனால் அவர் செய்த வேலைகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பெ. சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியர். எழுதியது செய்யுள் நாடகம். ஆராய்ந்தது திருவிதாங்கூர் மன்னர்களின் கல்வெட்டுகள். இவை போதாதென்று, உலகத்து அறிவுத் துறைகளை எல்லாம் வகைப்படுத்தி, எது எதனோடு சேரும் என்று தமிழில் விளக்கி ‘நூற்றொகை விளக்கம்’ என்று ஒரு சிறு நூலும் எழுதினார். ஐரோப்பிய அறிவியல் அன்று எங்கே நின்றது என்பதை வாசித்து அறிந்து, அதைத் தமிழ் வாசகருக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்த மனிதர் அவர். நான் கேட்கும் பிற்பகல் அவருக்கு அந்நியமாக இருந்திருக்காது.

துணைவேந்தர் அவர்களுக்குத் தனியாக இரண்டு வேண்டுகோள்கள். இந்தக் கூட்டத்தில் பேசுவதையும், வந்து உட்கார்ந்து கேட்பதையும் ஆசிரியரின் பணி நேரத்தில் சேர்த்துக்கொள்ள ஓர் ஆணை போடுங்கள். ஆர்வத்தை மட்டும் நம்பி நடத்தினால் முதல் ஆண்டோடு நின்றுவிடும். அடுத்தது, முனைவர் பட்ட ஆய்வேட்டோடு இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஒன்றைக் கேளுங்கள். ஆய்வேடு, இந்திய ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா இணையக் களஞ்சியத்துக்குப் போகட்டும், அந்த இரண்டு பக்கம் இங்கே எல்லா நூலகங்களுக்கும் வரட்டும். அம்பாசமுத்திரத்து விவசாயி படித்துப் புரிந்துகொள்ளும்படி அது இருக்க வேண்டும்.

பேராசிரியர்களே, கூட்டம் எப்போதும் அபிஷேகப்பட்டிப் பல்கலைக்கழக வளாகத்திலேயே நடக்க வேண்டாம். பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் மையம் ஆழ்வார்குறிச்சியில் இருக்கிறது, கடலியல் மையம் ராஜாக்கமங்கலத்தில் இருக்கிறது. ஒரு மாதம் மலையடிவாரம், ஒரு மாதம் கடற்கரை என்று சுற்றி வரலாம். பேசுபவர் தன் சொந்த ஆய்வைப் பேசக் கூடாது, தான் வாசித்த வேறொருவர் ஆய்வையே சொல்ல வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி நேரத்தில் முதல் அரை மணி வேறு துறைக்காரர்களுக்கு, அதிலும் மாணவர்களுக்கு. நம் மண்ணில் ஆய்வு செய்ய வரும் வெளிநாட்டு ஆய்வாளர்கள் ஊருக்குத் திரும்பும் முன் இங்கே வந்து ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்ளுங்கள். 1876-இல் ஜெர்மானியரான ஜாகோர் ஆதிச்சநல்லூரில் தோண்டியவற்றைப் பெர்லினுக்கு எடுத்துப் போனார். இன்று தரவுகளும் மாதிரிகளும் போகின்றன. போகட்டும், அறிவு பரவத்தான் வேண்டும். என்ன கண்டார்கள் என்பது மட்டும் இங்கேயும் திரும்பி வரட்டும்.

நூலகர்கள் எங்கள் பங்கும் உண்டு. பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை இந்த ஆற்றுப் படுகையைப் பற்றி எந்தத் துறையில், எந்த நாட்டில், எந்த மொழியில் வெளியான கட்டுரையானாலும் ஒரே பட்டியலில் சேர்க்கும் வேலையை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். பட்டியலில் துறைவாரிப் பிரிவு இருக்காது, ஊர்வாரிப் பிரிவு இருக்கும். கொற்கை என்று தேடினால் வண்டலும் முத்தும் ஒன்றாக வரும். சில கல்லூரி நூலகர்களிடம் பேசிவிட்டேன். சம்மதித்திருக்கிறார்கள்.

முதல் கூட்டத்தின் பொருள் 2023 மழையாக இருக்கலாம் என்பது என் யோசனை. வரும் ஐப்பசிக்குள் நடந்தால் நல்லது. ஆப்பிரிக்க மிஷனரிக் கடிதங்களை வைத்து எழுதிய கட்டுரைகள், ஐரோப்பிய வெள்ளக் குறிகள் பற்றியவை, ரேடார் படங்களைக் கொண்டு வெள்ளப் பரப்பை அளக்கும் முறை பற்றியவை என மூன்று கட்டுகளாகத் திரட்டித் தருகிறோம். வரலாற்றுத் துறையிலிருந்து ஒருவர், புவித் தொழில்நுட்பத்திலிருந்து ஒருவர், பொதுப்பணித் துறையில் கால்வாய்களைப் பார்த்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், கீழ்க்கால்வாய்ப் பாசன விவசாயிகளில் இரண்டு பேர் என்று அழைத்தால் போதும். இடமும் தேதியும் நீங்கள் குறித்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து ஒரு கல்லூரி நூலகர்